ஐந்தடி டகோமாவுக்கு எந்தக் கூண்டு?

4 மார்ச் 2024, ஆஸ்டினிலிருந்து வந்த கேள்வி

அக்கா, போன மாதம் ஒரு 2019 டொயோட்டா டகோமா பிக்கப் வாங்கினேன். நாலு கதவு, பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி, அதாவது பெட், ஐந்தடி. அதற்குக் கூண்டு மாதிரி மூடி போட்டு, அதற்குள்ளேயே படுத்துக்கொண்டு பிக் பெண்ட் தேசியப் பூங்கா வரை போய்வர ஆசை. நான் பார்த்தவரை ஃபைபர்கிளாஸ் எல்லாம் பழைய காலத்துச் சரக்கு. ஐந்து துண்டாக வருகிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மூடிதான் வாங்கத் தகுந்தது. அதன் மேல் கூரைக் கூடாரமும் வைத்துக்கொள்ளலாம். நீங்கள் இதுவரை மூன்று மாற்றியிருக்கிறீர்கள் என்று சொன்னார்கள். நான் சொல்வது சரிதானே?

4 மார்ச், இரவு

இல்லை.

5 மார்ச்

நேற்று பாதித் தூக்கத்தில் எழுதியது. இன்று ஒழுங்காகச் சொல்கிறேன்.

ஃபைபரா, அலுமினியமா, ஸ்டீலா என்பது நாலாவது கேள்வி தம்பி. முதல் கேள்விக்கு விடை உங்கள் வண்டியிலேயே ஒட்டியிருக்கிறது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் தெரியும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் போட்டிருக்கும். என் 2017 டகோமாவில் 1,120 பவுண்டு. ஒரே மாடலிலேயே வண்டிக்கு வண்டி இது மாறும். விளம்பரத்தில் போட்ட எண்ணை எடுத்துக்கொள்ளாமல் கதவைத் திறந்து பாருங்கள்.

என் வீட்டுக் கணக்கு இது. நாங்கள் நாலு பேர், 480. பெயின்ட் அடித்த ஃபைபர்கிளாஸ் மூடி 180. உள்ளே பிளைவுட் கட்டில் 90. பத்து காலன் தண்ணீர் 83. சின்ன ஃப்ரிட்ஜும் அதற்குள் இருப்பதும் 70. நீங்கள் கேட்கிற கூரைக் கூடாரம் 140. டாங்கில் 21 காலன் பெட்ரோல், காலனுக்கு ஆறு பவுண்டு என்று 126. மொத்தம் 1,169. அதாவது 49 பவுண்டு அதிகம். இன்னும் அரிசி ஏற்றவில்லை.

6 மார்ச்

திருத்தம். பெட்ரோலைச் சேர்த்தது என் முட்டாள்தனம். டாங்க் நிரம்பிய வண்டிக்குத்தான் அந்த ஸ்டிக்கர் எண்ணே போடுகிறார்கள். "இருபது வருஷமா கணக்கு எழுதுறதுதானே உன் வேலை" என்று வீட்டுக்காரர் காலையிலிருந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்.

ஆக 1,043. மிச்சம் 77 பவுண்டு. அதற்குள் உடுப்பு, அடுப்பு, பாத்திரம், இருபது பவுண்டு பொன்னி அரிசிப் பை எல்லாம் அடங்க வேண்டும். வண்டி தொழிற்சாலையை விட்டு வந்த பிறகு யாராவது இரும்பு பம்பரோ, டிரெய்லர் இழுக்கும் ஹிட்ச்சோ மாட்டியிருந்தால் அதன் எடையையும் கழியுங்கள். ஸ்டிக்கருக்கு அது தெரியாது.

கூடாரத்தை விட்டுவிட்டால் 217 பவுண்டு கையில் நிற்கும். நான் அதைத்தான் செய்தேன்.

8 மார்ச்

"ஆனால் ஸ்டீல் மூடியின் கூரை 770 பவுண்டு தாங்குமாமே" என்று பதில் வந்திருக்கிறது. தாங்கும், வண்டி நிற்கும்போது. ஓடும்போது அதே கூரைக்கு 330தான். விளம்பரப் பலகையில் பெரிய எழுத்தில் இருப்பது எப்போதும் நிற்கும் கணக்கு. கல் ரோட்டில் குதித்துக் குதித்துப் போகும்போது 140 பவுண்டுக் கூடாரம் வெறும் 140 ஆகவா இருக்கும்? தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்து ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அந்த 330ஐயும் கூரைதான் தாங்குகிறது, வண்டி இல்லை. கூரையிலிருந்து பாரம் பக்கச் சுவருக்கு இறங்கி, அங்கிருந்து நாலோ ஆறோ கிளாம்ப் (இறுக்கிப் பிடிக்கும் கவ்வி) வழியாக பெட்டின் விளிம்புக்கு வருகிறது. டகோமாவின் பெட் உட்புறம் 2005லிருந்து இரும்பு இல்லை, நார் கலந்த பிளாஸ்டிக். துருப் பிடிக்காது, நல்லதுதான். ஆனால் கனமான மூடியைப் போட்டு மேடுபள்ளத்தில் ஓட்டினால் டெயில்கேட் (பெட்டின் பின்பக்கம் கீழே இறங்கும் கதவு) ஓரம் இரண்டு மூலையும் நெளியும். அதற்கென்றே முட்டுக்கொடுக்கும் தகடுகள் விற்கிறார்கள். கனமான எதை வைப்பதானாலும் முதலில் அதை வாங்குங்கள்.

இன்னொன்று. உங்கள் கராஜ் வாசல் எத்தனை உயரம்? இங்கே வீட்டுக் கராஜ் கதவு வழக்கமாக ஏழடி, 84 அங்குலம். வண்டியே 70க்குச் சற்று மேல். கேபின் உயரத்திலேயே நிற்கும் மூடி என்றால் கவலையில்லை. அதன் மேல் கம்பி, கம்பி மேல் மடித்த கூடாரம் என்று போனால் கதவுச் சட்டத்தில் இடித்துவிடும். பக்கத்துத் தெருவில் ஒருவர் இடித்தார். நாங்கள் எல்லாரும் வெளியே வந்து பார்த்தோம்.

9 மார்ச்

இந்த மூடிக்கு என்ன பெயர் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அது எந்த ஊரில் நின்று கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கொலராடோவில் நாங்கள் டாப்பர் என்போம், மத்திய மேற்கிலும் அப்படித்தான். கிழக்கே கேப். வாஷிங்டன், ஓரிகன் பக்கம் கனோப்பி. கலிஃபோர்னியாவில் கேம்பர் ஷெல். பழைய சாமான் விளம்பரத்தில் தேடும்போது நாலையும் போட்டுத் தேடுங்கள். முக்கால்வாசிப் பேர் ஒன்றை மட்டும் போட்டுத் தேடுவதால் மற்ற பெயரில் கிடப்பது மலிவாகக் கிடைக்கும்.

தமிழில் நான் கூண்டு என்றுதான் சொல்வேன். தாத்தாவிடம் கூண்டு வண்டி இருந்தது. மூங்கிலை வளைத்து, மேலே பாய் கட்டி, உள்ளே வைக்கோல் பரப்பி, அதன் மேல் ஜமக்காளம். திருவிழாவுக்கு ராத்திரி கிளம்பினால் விடியும்வரை அதற்குள் தூங்கிக்கொண்டே போவோம். வீட்டுக்காரர் "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்" என்கிறார். பின்பக்கம் திறப்பு, கால் நீட்ட முடியாத நீளம், மழை வந்தால் ஓரத்தில் ஒழுகல். இதற்கு மேல் என்ன சம்பந்தம் வேண்டும்?

12 மார்ச்

மூன்று கூண்டுக் கதையைக் கேட்டீர்கள். முதல் கூண்டு 2018ல், 400 டாலர், பழையது. "டகோமா, ஐந்தடி" என்று விளம்பரம். டேப்பை எடுத்துக்கொண்டு போய் நீளம், அகலம் எல்லாம் அளந்தேன். பெட் நீளம் 60 அரை அங்குலம், கச்சிதம். நானும் விற்றவரும் அவர் மகனும் தூக்கி வைத்தோம். கிளாம்ப் போட்டாயிற்று. கூண்டின் பின்கண்ணாடிக் கதவை இறக்கினேன், மூடவில்லை.

அது 2005க்கும் 2015க்கும் இடையில் வந்த டகோமாவுக்குச் செய்தது. என்னுடையது 2016ல் தொடங்கிய உருவம். பெட் விளிம்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் புது வண்டியின் டெயில்கேட் தலையில் ஒரு உதடு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. கூண்டுக் கண்ணாடியின் அடிவிளிம்பு அதில் போய் உட்கார்ந்துவிட்டது. அழுத்திப் பூட்டினால் ஒரு பக்கம் மூடும், மறுபக்கம் இரண்டு விரல் நுழையும். நான் எல்லாவற்றையும் அளந்தேன், டெயில்கேட்டை அளக்கவில்லை.

அந்த இரண்டு விரல் இடைவெளியோடு ஒரு வருடம் ஓட்டினேன். 400 டாலர் கொடுத்தோமே என்ற வீம்புதான், வேறென்ன.

இன்னொன்றும் அதில் கோளாறு. யாரோ பிரேக் விளக்கு ஒயரை வெட்டியிருந்தார்கள். கேபினுக்குப் பின்னால் உச்சியில் மூன்றாவது பிரேக் விளக்கு இருக்கிறதே, 1994 மாடலிலிருந்து பிக்கப்புகளுக்கும் அது கட்டாயம். கூண்டு போட்டால் அது மறைந்துவிடும். அதனால் கூண்டின் பின்னாலேயே ஒன்று இருக்கும், அதற்கு வண்டியிலிருந்து ஒயர் இழுக்க வேண்டும். பழைய கூண்டு வாங்கும்போது கண்ணாடியைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த ஒயரைப் பாருங்கள்.

இப்போது அந்தக் கூண்டு கொல்லையில் கத்தரி நாற்றுப் பாத்தியின் மேல் கவிழ்ந்து கிடக்கிறது. இங்கே மே நடுவரை உறைபனி விழும். நாற்றுக்கு நல்ல வீடு.

13 மார்ச்

இரண்டாவது கூண்டைச் சொல்ல மறந்துவிட்டேன் பாருங்கள். துணிக் கூண்டு. அலுமினியக் குழாய்ச் சட்டம், மேலே தடித்த துணி, பத்து நிமிஷத்தில் மடித்து முன்னால் ஒதுக்கலாம். சோபா ஏற்ற வேண்டுமா, மடி. எடை ஐம்பது பவுண்டு சொச்சம்தான். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

டென்வரில் ஒரு ராத்திரி யாரோ பிளேடால் கீறிவிட்டு, பழைய ஜாக்கெட்டையும் இட்லிப் பானையையும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஃப்ரிட்ஜை விட்டுவிட்டு இட்லிப் பானையை எடுத்த திருடனை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

துணி மோசம் என்று சொல்ல வரவில்லை. ஊருக்குள் நிறுத்தாதவர்களுக்கு அது போதும்.

20 மார்ச்

தூசி. இதைப் பற்றி யாருமே கேட்கவில்லை, நானே எழுதுகிறேன். பிக் பெண்டில் மண் ரோட்டில் போகப்போகிறவர் நீங்கள்.

மூன்றாவது கூண்டு 2020ல் புதிதாகச் செய்யச் சொல்லி வாங்கியது. ஃபைபர்கிளாஸ், கேபினைவிட ஐந்து அங்குலம் உயரம், பக்கத்தில் கொசுவலையோடு நகரும் ஜன்னல்கள். விலை 2,900 டாலர், வந்து சேர ஒன்பது வாரம். முதல் பெரிய பயணம் யூட்டாவில் கேனியன்லேண்ட்ஸ் பூங்காவின் ஒயிட் ரிம் ரோடு. நூறு மைல் மண்ணும் பாறையும், முன் அனுமதி வாங்கித்தான் போக முடியும். மத்தியானம் நிறுத்தி பின்கதவைத் திறந்தால் மெத்தை, தலையணை, ரொட்டி, எல்லாவற்றின் மேலும் செம்மண். புத்தம்புது கூண்டு! பின்கதவு கச்சிதமாக மூடியிருக்கிறது!

தூசி கூண்டு வழியாக வரவில்லை. டெயில்கேட் வழியாக வந்தது. வேகமாகப் போகும் வண்டியின் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து சுழல் உண்டாகும். சக்கரம் கிளப்பிய தூசி அந்தச் சுழலில் மாட்டிக்கொண்டு நம்மோடேயே வரும். டெயில்கேட்டுக்கும் பெட்டுக்கும் நடுவே கீழேயும் இரண்டு பக்கமும் இடைவெளி உண்டு. டகோமாவில் கீழ் மூலையில் என் சுண்டுவிரலே போகும். திறந்த பெட்டுக்கு அது மழைத்தண்ணீர் வடிய வசதி. மூடிய கூண்டுக்கு அதுவே வாசல்.

அன்றைக்கு நான் செய்த புத்திசாலித்தனம், "காற்றோட்டம் இருந்தால் தூசி வெளியே போய்விடும்" என்று பக்க ஜன்னல்களைக் கொஞ்சம் திறந்துவிட்டதுதான். பக்கவாட்டில் ஓடும் காற்று உள்ளே இருந்த காற்றையும் உறிஞ்சி எடுத்தது. அந்தக் குறையை நிரப்ப டெயில்கேட் வழியாக இன்னும் அதிகத் தூசி வந்தது. சாயந்திரம் எங்கள் இரண்டு பிள்ளைகளும் மஞ்சள் நீராட்டுக்குப் போய்வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

மருந்து இரண்டு. டெயில்கேட்டைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டுவது. அதற்கென்றே விற்கிறார்கள், ஐம்பது அறுபது டாலர், அரை நாள் வேலை. ஒட்டும் இடத்தைச் சாராயத்தால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் ஒரே கோடையில் உரிந்துவிடும். இரண்டாவது, காற்றை முன்பக்கத்திலிருந்து உள்ளே தள்ளுவது. ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்காவிலிருந்து வரும் கூண்டுகள் சிலவற்றின் கூரையில் முன்னோக்கிய சின்ன வாய் இருக்கும். ஓடும்போது அது காற்றை உள்ளே அடைக்கும். உள்ளே அழுத்தம் கூடினால் தூசி நுழையாது. அந்த ஊர்க்காரர்கள் மண் ரோட்டிலேயே வாழ்கிறவர்கள், தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

தாத்தாவின் வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. மாடு அந்த வேகத்தில் போகாது.

21 மார்ச்

நேற்று எழுதியதில் சாராயம் என்றது மருந்துக்கடையில் விற்கும் துடைக்கிற ஆல்கஹால். இருவர் தனிச் செய்தியில் கேட்டுவிட்டார்கள்.

2 ஏப்ரல்

படுக்கை. இதைத் தெரியாமல் வாங்கிவிட்டு அழுகிறவர்கள்தான் அதிகம்.

ஐந்தடி பெட் என்பது 60 அரை அங்குலம். நான் 4 அடி 11. எனக்கு நேராகப் படுக்க இடம் உண்டு, ஒரு அங்குலம் மிச்சமும் உண்டு. வாழ்க்கையில் குள்ளமாக இருந்ததற்குக் கிடைத்த ஒரே பரிசு. வீட்டுக்காரர் 5 அடி 10, அதாவது 70 அங்குலம். அவருக்குக் குறுக்கே மூலைக்கு மூலை படுத்தால்தான் கால் நீளும். ஒரு ஆள் மூலைக்கு மூலை படுத்தால் இன்னொரு ஆளுக்கு இரண்டு முக்கோணம்தான் மிஞ்சும். முக்கோணத்தில் எப்படிப் படுப்பது?

அகலமும் அப்படித்தான். தரையில் சக்கர மேடுகளுக்கு நடுவே நாற்பத்தொன்றரை அங்குலம்தான். மேடுகளுக்கு மேல் கட்டில் போட்டால் சுவரிலிருந்து சுவர்வரை கிடைக்கும், கீழே சாமான் வைக்கவும் இடம். ஆனால் தலைக்கு மேலே உயரம் போய்விடும். கேபின் உயரக் கூண்டில் கட்டில் போட்டால் உட்கார முடியாது, உருண்டு உருண்டுதான் உள்ளே போக வேண்டும். அதனால்தான் நான் ஐந்து அங்குலம் உயர்ந்ததை எடுத்தேன். முழுசாக நிமிர இன்னும் முடியாது. சாப்பிடும் அளவுக்கு உட்காரலாம்.

ஆறடி பெட் இருந்தால் 73 அங்குலத்துக்கு மேல், இந்தப் பேச்சே இல்லை. அது உங்கள் தலையெழுத்து, விடுங்கள்.

3 ஏப்ரல்

டெயில்கேட்டைத் திறந்து வைத்து அதன் மேல் கால் நீட்டலாமே என்று ஒருவர். நீட்டலாம், நாங்களும் அப்படித்தான் செய்கிறோம். கட்டில் பலகையில் கடைசித் துண்டைக் கீல் போட்டு மடக்கி வைத்திருக்கிறோம், ராத்திரி டெயில்கேட் மேல் விரியும். ஆனால் அப்போது கூண்டின் பின்கண்ணாடியை மூட முடியாது, பூட்டவும் முடியாது. கொசுவலைத் துணி ஒன்றைத் தைத்து ஓரத்தில் காந்தம் வைத்து மாட்டுகிறோம். மழை சாய்ந்து அடித்தால் வீட்டுக்காரரின் பாதம் நனையும். நான் நேற்றே சொன்னேனே, என் பாதம் உள்ளே.

பாதுகாப்பாகவும் பூட்டிக்கொண்டும் இருவர் நேராகப் படுக்க வேண்டுமென்றால் ஐந்தடி பெட்டுக்கு எந்தக் கூண்டும் உதவாது. ஆஸ்டின் தம்பி, உங்கள் உயரம் என்ன? அதை ஏன் இதுவரை சொல்லவில்லை?

4 ஏப்ரல்

6 அடி 1. சரி.

அப்போது கூரைக் கூடாரம் என்று நீங்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. மார்ச் 5ஆம் தேதி ரொம்பத் துள்ளிவிட்டேன். நீங்கள் தனியாள், என் கணக்கில் இருந்த 480க்கு உங்களுக்கு 180. கட்டிலும் வேண்டாம், 90 மிச்சம். அதே 1,120 என்று வைத்தால் 180, கூண்டு 180, தண்ணீர் 83, ஃப்ரிட்ஜ் 70, கூடாரம் 140. மொத்தம் 653. தாராளம். என் குடும்பத்தின் எடையை உங்கள் தலையில் ஏற்றியிருக்கிறேன்.

வண்டியில் நிஜமாக ஒட்டியிருப்பதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

14 ஏப்ரல்

புத்தாண்டு வாழ்த்து. பாயசம் ஆறுவதற்குள் ஒன்று.

குளிர் ராத்திரியில் கூண்டுக்குள் இருவர் தூங்கினால் மூச்சே மழையாகும். காலையில் கூரையிலிருந்து முகத்தில் சொட்டும். கூரையில் ஓட்டை என்று பயந்து நான் சிலிகான் வாங்கி வந்தேன், முட்டாள். இரண்டு பக்க ஜன்னலையும் ஒரு விரல் அளவு திறந்து வைத்தால் பாதி தீரும். உட்கூரையில் கார்பெட் ஒட்டியிருந்தால் சொட்டாமல் ஈரம் அதிலேயே நிற்கும். வெறும் அலுமினியமும் ஸ்டீலும் சொட்டும்.

குளிர்கிறதே என்று உள்ளே அடுப்பையோ கேஸ் ஹீட்டரையோ வைத்துவிட்டுத் தூங்காதீர்கள். இஞ்சினை ஓடவிட்டும் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். பேட்டரியில் ஓடும் எச்சரிக்கைக் கருவி முப்பது டாலருக்குள் கிடைக்கிறது. எங்கள் கூண்டில் தலைமாட்டில் மாட்டியிருக்கிறது.

நிஜமான ஓட்டையா, மூச்சு ஈரமா என்று தெரிய வேண்டுமா? ஒருவர் டார்ச்சோடு உள்ளே படுக்க வேண்டும், மற்றவர் வெளியே தோட்டக் குழாயைத் திருப்ப வேண்டும். எங்கள் வீட்டில் குழாய் என் கையில். பெட்டின் முன்சுவர் மூலை இரண்டும்தான் முதலில் ஒழுகும். விளிம்புக்கும் கூண்டுக்கும் நடுவில் ஒட்டுகிற நுரைப் பட்டை அங்கேதான் மடங்கும்.

15 ஏப்ரல்

கிளாம்ப் எவ்வளவு இறுக்கணும்? கையால் இறுக்கி, அப்புறம் ஸ்பேனரால் கொஞ்சம். பலசாலித்தனம் காட்டினால் விளிம்பு விரியும். முதல் நூறு மைல் ஓட்டியதும் நிறுத்தி மறுபடி பாருங்கள், நுரைப் பட்டை அமுங்கிக் கட்டாயம் தளர்ந்திருக்கும். உங்கள் பெட்டில் சாமான் கட்டும் அலுமினியத் தண்டவாளம் ஓடுகிறது, சாதாரண கிளாம்ப் அதில் உட்காராது. தண்டவாளத்துக்கென்று இருக்கும் கிளாம்பைக் கேட்டு வாங்குங்கள்.

முன்கண்ணாடி உள்ளே மடங்குகிற மாதிரி எடுங்கள். கேபினுக்கும் கூண்டுக்கும் நடுவே கை நுழையாத சந்து இருக்கும். அதில் இரண்டு கண்ணாடியும் எதிரெதிராக அழுக்காகும். மடங்காத கண்ணாடியை நான் ஒரு வருடம் துடைப்பக் குச்சியில் துணி சுற்றித் துடைத்தேன்.

31 மே

நேற்று ராத்திரி ஆலங்கட்டி. டென்வர் பக்கம் பலமாக அடித்தது, இங்கே ஃபோர்ட் காலின்ஸில் சுமார்தான். இந்த மலையடிவார ஊர்களில் இது வருஷாவருஷம். நான் வண்டி வாங்குவதற்குச் சில மாதம் முன்னால், 2017 மே 8 அன்று, டென்வரில் அடித்ததில் 230 கோடி டாலர் சேதம். லேக்வுட்டில் ஒரு பெரிய மாலே கூரை பிய்ந்து மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது.

டெக்சாஸிலும் இதே கதைதான், அதனால் கேளுங்கள். அலுமினியம் குழி விழும், ஆனால் ஒழுகாது. ஃபைபர்கிளாஸில் குழி விழாது, மேல்பூச்சில் சிலந்திவலை மாதிரிக் கீறல் விழும். அப்போதைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கீறலில் தண்ணீர் இறங்கி, உறைந்து, விரிந்து, இரண்டு குளிர்காலத்தில் உரியும். என் கூண்டின் கூரையில் ஆறு வலை எண்ணினேன். எபாக்ஸி பசை தடவ வேண்டும். நிறம் பொருந்தாது. இல்லாவிட்டாலும் பொருந்துவதில்லை, 2020ல் வண்டியின் பெயின்ட் எண்ணைக் கொடுத்துத்தான் செய்தேன். ஐயாயிரம் அடி உயரத்து வெயிலில் மூன்று வருடம் காய்ந்த வண்டியின் மேல் புதுப் பெயின்ட் கூண்டு உட்கார்ந்ததும் தாத்தாவுக்குப் பேரன் தொப்பி போட்ட மாதிரி இருந்தது.

கத்தரி நாற்று பத்திரம். பழைய கூண்டில் ஒரு கீறலும் இல்லை. அதுதான் எரிச்சல்.

22 ஜூன்

கொஞ்சம் வேறு பேச்சு. கலிஃபோர்னியாவில் யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குப் போய்வந்தோம். அங்கே ராத்திரி வண்டிக்குள் சாப்பாடு வைக்கக் கூடாது, இரும்புப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். பகலில் மட்டும் கண்ணாடி மூடி, கண்ணில் படாமல் வண்டிக்குள் வைக்கலாம். கரடி கார்க் கதவையே கிழிக்கும், ஃபைபர் கூண்டு அதற்கு அப்பளம். சாப்பாட்டை எடுத்தாயிற்று, சரி. ஆனால் நாலு வருடமாகச் சாம்பார் கொதித்த ஆவி உட்கூரைக் கார்பெட்டில் ஊறிப்போயிருக்கிறதே, அதை எங்கே எடுத்து வைப்பது? எங்கள் கூண்டைத் திறந்தால் பெருங்காயம்தான் முதலில் வெளியே வந்து வணக்கம் சொல்லும். ராத்திரி முழுக்க ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து உட்கார்ந்தேன், தலையை இடித்துக்கொண்டேன். கரடிக்குப் பெருங்காயம் பிடிக்காது போலிருக்கிறது.

14 ஏப்ரலில் கார்பெட்டைப் புகழ்ந்தேன். சமைப்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

9 ஜூலை

ஆஸ்டின் தம்பியிடமிருந்து பதில். ஸ்டிக்கரில் 1,085. குடியிருப்பது மூன்றாவது மாடி அபார்ட்மென்ட். கராஜ் கிடையாது, திறந்த வெளியில் நிறுத்துகிறார். மாதம் ஒரு தடவை நண்பனின் பைக்கை ஏற்ற வேண்டும், அன்றைக்குக் கூண்டு இருக்கக் கூடாது.

இதை முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா?

ஒற்றைத் துண்டுக் கூண்டைக் கழற்றினால் எங்கே வைப்பது? எனக்குக் கொல்லை இருக்கிறது, கராஜ் உத்திரத்தில் கயிறு கட்டித் தூக்கவும் இடம் இருக்கிறது. அபார்ட்மென்ட்காரருக்கு இரண்டும் இல்லை. ஐந்து துண்டாகக் கழன்றால் மாடிப்படி ஏறி வீட்டுக்குள் சோபாவுக்குப் பின்னால் நிற்கும். ஆலங்கட்டியில் ஒரு பக்கம் நசுங்கினால் அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம். துணிக் கூண்டு இன்னும் சுலபம், ஆனால் திறந்தவெளி நிறுத்தம் என்றால் என் இட்லிப் பானையை நினைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் வேலையிடத்தில் ஒருவர் அந்த ஸ்டீல் கூண்டு போட்டிருப்பதைக் கிட்டே போய்ப் பார்த்தேன். பக்கச் சுவர் முழுசாக மேலே திறக்கிறது, நின்றபடியே சமைக்கலாம். துண்டுகள் சேரும் இடத்து ரப்பரைத்தான் சந்தேகமாகப் பார்த்தேன். ஒழுகுகிறதா என்று கேட்டேன். "ஒன்றிரண்டு போல்ட் இறுக்கின பிறகு இல்லை" என்றார்.

ஆக, மார்ச் 4 ராத்திரி எழுதிய "இல்லை"யைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். பாதி மட்டும். ஃபைபர்கிளாஸ் பழைய காலத்துச் சரக்கு என்றீர்களே, அதற்கு இன்னும் இல்லைதான்.

17 ஆகஸ்ட்

அவர் ஸ்டீல் வாங்கிவிட்டார். இரண்டு பேர், ஒரு சனிக்கிழமை முழுக்க. படம் அனுப்பியிருக்கிறார். டெயில்கேட் ரப்பர் பட்டை ஒட்டியாயிற்றா என்று கேட்டேன். "அடுத்த மாசம் அக்கா" என்கிறார். செம்மண் வாழ்த்துகள்.

6 அக்டோபர்

கத்தரிக்காய் முடிந்தது. கொல்லைக் கூண்டைக் கழுவி விளம்பரம் போட்டேன், நாலு பெயரையும் போட்டு, "2005 முதல் 2015 வரை மட்டும்" என்று பெரிதாக எழுதி. இன்று காலை 2012 டகோமாவில் ஒரு பெரியவர் வந்தார். டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்தார். நான் டெயில்கேட்டைக் காட்டினேன். உதடு இல்லை. தூக்கி வைத்தோம், நாலு கிளாம்ப், இருபது நிமிஷம். பின்கண்ணாடியை இறக்கினார், டக்கென்று மூடியது. ஆறு வருடத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

300 டாலர் கொடுத்தார். பிரேக் விளக்கு ஒயர் வெட்டியிருப்பதைச் சொல்லிவிட்டேன். அடுத்த வருடம் நாற்றுக்கு என்ன செய்வது என்று வீட்டுக்காரர் கேட்கிறார்.

பழைய கூண்டு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். எந்த வண்டிக்குச் செய்ததாக இருந்தாலும் பரவாயில்லை.